மோட்டர் ஓடாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

புசல்லாவையில், முகாம்களிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் தமது வீடுகளுக்குத் திரும்பும் குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட தகவல் கூட்டத்தில், எமது நீர் மற்றும் சுகாதாரப் பிரிவின் தொழில்நுட்பவியலாளர் ஆற்றிய உரை. பேசியபடியே இங்கே தரப்படுகிறது.



2025 நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நமது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்தது. கீழே கம்பளையில் ஆறு வீடுகளுக்குள் வந்தது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்த வீட்டுக்கு இப்போது நீங்கள் திரும்பிப் போகிறீர்கள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வெளியே நின்ற சிலரிடம், "வீட்டுக்குப் போனதும் முதல் வேலை என்ன?" என்று கேட்டேன். ஒரு அம்மா சொன்னார்: "மோட்டரைப் போட்டு வீட்டைக் கழுவணும் தம்பி. சேறு முழங்கால் வரைக்கும் காய்ஞ்சு கிடக்கு." நியாயமான பதில்தான். தண்ணீர் இல்லாமல் சமைக்க முடியாது, பிள்ளைகளைக் குளிப்பாட்ட முடியாது, வீட்டை வீடாக்க முடியாது. ஆனால் நான் மிகவும் பயப்படுவதும் அந்த முதல் வேலைக்குத்தான். சேற்றில் கிடந்த மோட்டரின் சுவிட்சை ஈரக் கையோடு போடுகிற அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

ஆகவே இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வீட்டுத் தண்ணீர் மோட்டர் ஓடாவிட்டால், அல்லது ஓடியும் தண்ணீர் வராவிட்டால், எதை எந்த வரிசையில் பார்ப்பது? நம் கையால் எதுவரை செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்?

நான்கு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம், கரண்ட், தண்ணீர், மோட்டர். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். மோட்டரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். நாம் எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறு. தண்ணீர் வரவில்லை என்றதும் மோட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. மோட்டர் ஓடியது, தண்ணீர் வரவில்லை. கொழுந்து வேலையை விட்டு மூன்று நாள் அலைந்தார்கள். மூன்று நாள் பேர் போனது. கடையில் மோட்டரைப் பிரித்துக் கம்பி சுற்றிக் கொடுத்தார்கள். அந்தக் காசும் போனது. கொண்டுவந்து பூட்டினால் அப்போதும் தண்ணீர் வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். கிணற்றிலிருந்து பைப்பை இழுத்துப் பார்த்தால், அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் வாயில் ஒரு பழைய ஷொப்பிங் பேக் சுற்றிக்கொண்டு இருந்தது. எடுத்துப் போட்டதும் தண்ணீர் வந்தது. மோட்டரில் முதலிலிருந்தே ஒரு குறையும் இருக்கவில்லை.

முதலாவது: நிலம்

வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில், பெரியவர்கள் இரண்டு பேராகப் போங்கள். பிள்ளைகளை முதல் நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

உங்கள் இடத்துக்குத் திரும்பலாம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். முடிந்துவிட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது முடியாத இடத்தில் மோட்டரைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

நடக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு இருக்கிறதா? மரமோ கரண்ட் கம்பமோ சாய்ந்து நிற்கிறதா? கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிறதா? மோட்டர் வைத்த இடத்துக்கும் கிணற்றுக்கும் போகும் வழியில் மண் இளகி இருக்கிறதா? கம்பி அறுந்து கிடந்தால் அது செத்த கம்பி என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். எட்டி நின்று, மற்றவர்களையும் மறித்து நிறுத்திவிட்டு, மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

கிணற்றுக் கட்டையும் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றைச் சுற்றியுள்ள மண் நீர் குடித்துப் பொதபொதவென்று இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அந்தச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே மூச்சில் முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டால் சுவர் உள்ளே விழலாம். கலங்கிய கிணற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும்.

இரண்டாவது: கரண்ட்

நிலம் சரி என்றால் அடுத்தது கரண்ட். பக்கத்து வீடுகளில் கரண்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் உங்கள் மோட்டரில் குறை தேட வேண்டியதில்லை.

வீட்டில் மெயின் சுவிட்ச் போர்ட் இருக்கும் சுவரைப் பாருங்கள். தண்ணீர் அல்லது சேறு அந்தப் போர்ட்டின் உயரம் வரை வந்த அடையாளம் இருந்தால் அதைத் தொட வேண்டாம். பிளக் பொயின்ட்கள் மூழ்கியிருந்தாலும் அப்படித்தான். காய்ந்துவிட்டது போல வெளியே தெரியும், உள்ளே ஈரமும் சேறும் இருக்கும். தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து பரிசோதித்த பிறகுதான் கரண்ட் போட வேண்டும்.

போர்ட் நனையவில்லை என்றால், கை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும், நிற்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ட்ரிப் சுவிட்சைப் பார்க்கலாம்.

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்பதை எல்லோரும் தெரிந்திருப்பது நல்லது. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது எந்நேரமும் கணக்குப் பார்க்கிறது. எங்காவது கொஞ்சம் ஒழுகி நிலத்துக்கோ ஒரு மனிதனின் உடம்புக்கோ போனால், கணக்கு இடிக்கும், உடனே விழுந்துவிடும். வீடுகளில் பூட்டும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே விழ வேண்டும். அது விழுவது தொந்தரவுக்காக இல்லை. யாரோ ஒருவரின் உயிருக்காக விழுகிறது. அதனால் விழுகிற சுவிட்சைக் குச்சி வைத்து முட்டுக் கொடுப்பதோ, வயரை நேராக இணைத்து விடுவதோ வேண்டவே வேண்டாம்.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. மோட்டரின் பிளக்கைச் சொக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். மற்ற பொருட்களின் பிளக்குகளையும் கழற்றுங்கள். பிறகு ட்ரிப் சுவிட்சை மேலே தூக்குங்கள். நிற்கிறதா? அப்படியானால் வீட்டு வயரிங்கில் பெரிய குறை இல்லை. அதில் 'T' என்ற எழுத்துப் போட்ட ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் சுவிட்ச் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்த ட்ரிப் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது, மாற்ற வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றிய பிறகும் சுவிட்ச் நிற்காமல் விழுந்தால், குறை வீட்டு வயரிங்கில் இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மோட்டரின் பிளக்கைக் கொடுத்ததும் மட்டும் சுவிட்ச் விழுகிறது என்றால், மோட்டரிலோ அதற்குப் போகும் வயரிலோ கரண்ட் ஒழுகுகிறது. இரண்டாம் முறை முயற்சி செய்ய வேண்டாம். சில வீடுகளில் மோட்டருக்குப் பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்திருப்பார்கள். அப்படியான வீட்டில் இந்தப் பரிசோதனையையும் எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

மோட்டர் நனைந்திருந்தால்

மோட்டர் வெள்ளத்திலோ சேற்றிலோ மூழ்கியிருந்தால், எவ்வளவு காய்ந்து தெரிந்தாலும் சுவிட்ச் போட வேண்டாம். வெயிலில் மூன்று நாள் வைத்தாலும் உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பிகளுக்கு நடுவே நுண்ணிய சேறு இருக்கும். சுவிட்ச் போட்டதும் கம்பி எரிந்துபோகும், அல்லது மோட்டரின் இரும்பு உடம்பில் கரண்ட் வந்து நிற்கும்.

பிளக்கைக் கழற்றி, மோட்டரை எடுத்து, மோட்டர் வேலை பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, சூடு காட்டி உலர்த்துவார்கள். அதற்குப் பிறகு மெகர் என்ற கருவியால் பரிசோதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். "மெகர் பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் போதும். விஷயம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அவர்களுக்கும் புரியும். சேற்றில் மூழ்கிய மோட்டர்கள் பல, எரியாமல் இருந்தால், கம்பி சுற்றாமலே கழுவி உலர்த்தித் திரும்ப ஓடும். அவசரப்பட்டு ஒரு தடவை சுவிட்ச் போட்டதால்தான் எரிகின்றன.

மூன்றாவது: தண்ணீர்

இனி, மோட்டர் நனையவில்லை, கரண்டும் சரி. சுவிட்ச் போட்டால் மோட்டர் ஓடுகிறது. ஆனால் தண்ணீர் வரவில்லை. முகாமுக்குப் போய்ப் பல வாரம் கழித்துத் திரும்பும் வீடுகளில் அதிகமாக நடப்பது இதுதான். மோட்டரை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் சீல் சூடாகித் தேய்ந்துவிடும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டர் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கிணற்றுத் தண்ணீரின் மேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. மோட்டர் பைப்புக்குள் இடம் உண்டாக்குகிறது, காற்று தண்ணீரை அதற்குள் தள்ளுகிறது. பைப்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் மோட்டரால் அந்த இடத்தை உண்டாக்க முடியாது. நாள்கணக்கில் ஓடாமல் இருந்த மோட்டரில் தண்ணீர் கீழே இறங்கி, அந்த இடத்தில் காற்று நிறைந்திருக்கும். குறை அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பிளக்கைக் கழற்றுங்கள். மோட்டரின் பம்ப் பக்கத்தில், மேலே ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து சுத்தமான தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குமிழி வருவது நின்று, வாய் வரை நிறையும்வரை ஊற்றுங்கள். பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

தண்ணீர் அப்படியே நின்றால் நல்லது. மூடியில் திரெட் டேப் சுற்றி இறுக்கி மூடுங்கள். மேலே டேங்கிற்குப் போகும் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கொடுத்துச் சுவிட்சைப் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை நிரப்பிப் பாருங்கள்.

ஊற்றிய தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால், பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு மூடவில்லை, அல்லது பைப்பில் வெடிப்பு இருக்கிறது. மேலே நின்றபடி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பைப்பை வெளியே இழுத்து, வால்வைக் கழுவிப் பாருங்கள். இலை, மணல், ஷொப்பிங் பேக் ஏதாவது சிக்கியிருக்கும். ரப்பர் கிழிந்திருந்தால் வால்வை மாற்றுங்கள்.

வால்வைத் திரும்ப இறக்கும்போது கவனம். வெள்ளம் கிணற்றுக்குள் மண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கும், அடித்தளம் முன்பைவிட உயர்ந்திருக்கும். பழைய நீளத்துக்கே பைப்பை விட்டால் வால்வு சேற்றுக்குள் புதையும். கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து, வால்வு அடிமண்ணிலிருந்து இரண்டு அடியாவது மேலே நிற்கும்படி வையுங்கள்.

யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். நல்ல காற்று இல்லாத கிணற்றில் ஒருவர் மயங்குவார், தூக்கப் போகிறவரும் மயங்குவார். பெட்ரோலில் ஓடும் வாட்டர் பம்பைக் கிணற்றுக்குள் இறக்குவதும், வீட்டுக்குள் வைத்து ஓட்டுவதும் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லும். நம் நாட்டில் கிணறு இறைக்கப் போய் இப்படி உயிர் விட்டவர்கள் உண்டு.

இன்னொரு கேள்வியும் வரும். "வெள்ளம் திரும்ப வந்தால்? மோட்டரை மேலே தூக்கி வைக்கலாமா?" வைக்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. காற்று தள்ளும் உயரம் கணக்குப்படி கடல் மட்டத்தில் 34 அடி. நடைமுறையில் 25 அடிகூடக் கிடைப்பது கஷ்டம். நாமோ மலையில் இருக்கிறோம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே கோடையில் தண்ணீர் எவ்வளவு கீழே இறங்கும் என்று பார்த்து, அந்த மட்டத்திலிருந்து மோட்டர் 20 அடிக்கு மேல் போகாமல் வையுங்கள். அதற்கு மேலே வைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் வரும், கோடையில் வராது. அப்போதும் மோட்டரைத்தான் திட்டுவோம். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் மோட்டருக்கு இந்த எல்லை இல்லை, ஆனால் அதை வெளியே எடுப்பது வீட்டுக்காரர் வேலை இல்லை.

நான்காவது: மோட்டர்

இவ்வளவும் சரி என்றால்தான் மோட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அதற்குக் காது போதும்.

சத்தமே இல்லை: பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருக்கலாம். 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கில் உள்ளே ஒரு சிறு ஃபியூஸ் உண்டு. டேங்கில் மிதவை சுவிட்ச் பூட்டியிருந்தால் அது சேற்றில் சிக்கி, டேங்க் நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். மோட்டர் சூடாகித் தானே நின்றிருந்தால் ஒரு மணித்தியாலம் ஆறவிட்டுப் பாருங்கள்.

'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை: உடனே நிறுத்துங்கள். முனகும்போது கரண்ட் பல மடங்கு ஓடுகிறது, சில நிமிடத்தில் கம்பி எரிந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் உள்ளே மண்ணோ துருவோ பிடித்திருக்கிறது. லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். அது மோட்டர் கிளம்புவதற்கு முதல் தள்ளு கொடுக்கும் சிறிய உருளை. விலை குறைந்த சாமான். ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொட்டால் அடிக்கும். மாற்றுவதை வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். புதியது வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோ ஃபரட் இலக்கமும் வோல்ட் அளவும் அதேயாக இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

கரகரவென்று சத்தம், தண்ணீர் கொஞ்சமாக வருகிறது: மணல் போயிருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் இதுதான். கடையில் "மோட்டர் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சத்தம் இல்லை", "முனகுகிறது", "ஓடுகிறது, தண்ணீர் இல்லை", "சுவிட்ச் விழுகிறது" என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும், தேவையில்லாத செலவும் வராது.

மோட்டர் இல்லாத வீடுகளுக்கு

இங்கே பாதிப்பேருக்கு மேல் மோட்டர் இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் லயத்தில் பிறந்து பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். மேலே மலை ஊற்றிலிருந்து கறுப்புப் பைப்பில் தானாக இறங்கிவரும் தண்ணீர்தான் நம்முடைய தண்ணீர். அதற்கும் இதே வரிசைதான்.

மேலே ஊற்றுத் தொட்டி வரை போகும் பாதை பாதுகாப்பானதா என்று முதலில் கேளுங்கள். சரிவுக்கு உட்பட்ட பக்கம் என்றால் யாரும் தனியாக ஏற வேண்டாம். போகலாம் என்றால், தொட்டியில் சேறு நிறைந்து பைப்பின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி சுத்தம், பைப் எங்கும் உடையவில்லை, ஆனாலும் கீழே தண்ணீர் வரவில்லை என்றால், காற்று அடைத்திருக்கும். பைப் மேடு ஏறி இறங்கும் இடங்களில், மேட்டின் உச்சியில் காற்று தங்கும். அந்த உச்சியில் இருக்கும் மூட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்றுப் போய், பிறகு தண்ணீர் எட்டிப் பார்க்கும். அப்போது இறுக்கிவிடுங்கள். பள்ளத்தில் சேறு தங்கும். அங்கே திறந்து கழுவிவிட வேண்டும்.

தண்ணீர் சொல்லும் சேதி

எதை மறந்தாலும் இனிச் சொல்லப்போவதை மறக்காதீர்கள்.

மோட்டர் நன்றாக இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, வால்வு சுத்தம். ஆனால் நேற்று வரை இருந்த கிணற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் திடீரென்று இறங்கிவிட்டது. அல்லது கண்ணாடி போல வந்த ஊற்று திடீரென்று சேறாக வருகிறது. அல்லது இதுவரை இல்லாத இடத்தில், வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டிய சுவரில், புதிதாகத் தண்ணீர் கசிகிறது. இதைப் பழுது என்று நினைத்துப் பைப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மலைக்குள் மண் அசைந்து, தண்ணீர் போகும் வழி மாறியிருக்கிறது என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். மண்சரிவுக்கு முன்னால் தெரியும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று.

அப்படித் தெரிந்தால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காமல் போனால் நல்லதுதான். வெட்கப்பட வேண்டியதில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் எந்த அறிகுறியையும் எதிர்பார்க்காமல் வெளியேற வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. நாம் விடும் தண்ணீரும் மலையை நனைக்கிறது. ஒழுகும் பைப்பும், நிறைந்து வழியும் டேங்கும், வெயில் காலத்திலும் ஒரு சரிவை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். இரவு படுக்கும் முன் எல்லா பைப்பையும் மூடி, டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தேடி அடையுங்கள். வீடு கழுவும் தண்ணீரைக் கானுக்குள் விடுங்கள், சரிவில் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர் வந்த பிறகு

மோட்டர் ஓடி, பைப்பில் தண்ணீர் வந்ததும் சந்தோஷத்தில் பிள்ளைகள் வாய் வைத்துக் குடிப்பார்கள். பொறுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றில் மலசலகூடக் குழியின் அழுக்கும் கலந்திருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றி வழிகாட்டுவார். எவ்வளவு இடுவது என்பது கிணற்றின் அளவைப் பொறுத்தது. கண்மதிப்பில் போட வேண்டாம். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொப்பளிக்கும் அளவுக்குக் கொதிக்க வைத்து, மூடி வைத்து, அதையே குடியுங்கள். பல் துலக்கவும், பால்மாக் கரைக்கவும் அதே தண்ணீர்தான்.

முடிக்கும் முன்

நீங்கள் செய்யலாம்: சுற்றிப் பார்ப்பது, கேட்பது, பிளக்கைக் கழற்றுவது, ட்ரிப் சுவிட்சைப் பரிசோதிப்பது, மோட்டருக்குத் தண்ணீர் நிரப்புவது, ஃபுட் வால்வைக் கழுவுவது, ஒழுக்கை அடைப்பது.

நீங்கள் செய்யக் கூடாது: நனைந்த போர்ட்டைத் தொடுவது, மூழ்கிய மோட்டரைப் போடுவது, விழும் சுவிட்சைக் கட்டி நிறுத்துவது, கெப்பாசிட்டரைத் தொடுவது, கிணற்றுக்குள் இறங்குவது.

யாருக்காவது கரண்ட் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்குங்கள். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஒரு வீட்டில் மோட்டர் ஓடினால் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் ஒரு பைப் போடுங்கள். எல்லா மோட்டரும் ஒரே நாளில் சரியாகாது. முகாமில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம், கொஞ்ச நாள் ஒரே மோட்டரில் தண்ணீர் எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை.

கூட்டத்துக்கு முன்னால் பேசிய அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: அம்மா, வீட்டைக் கழுவுங்கள். ஆனால் முதல் நாள் வாளியில் அள்ளிக் கழுவுங்கள். மோட்டர் இரண்டு நாள் பிந்தி ஓடட்டும். இவ்வளவு பெரிய புயலுக்குத் தப்பி வந்திருக்கிறீர்கள். ஒரு சுவிட்சில் அந்த உயிரை விட்டுவிடக் கூடாது.

கேள்விகள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம். மோட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அது என்ன சத்தம் போடுகிறது என்று சொன்னால் போதும்.